நின்றால்தான் துணி விற்கும்

எனக்கு முழங்கால் வலி உண்டு ஐயா, அதனால் உட்கார்ந்தபடியே சொல்கிறேன். நீங்களும் உட்காருங்கள்.

ஏழு மாடித் துணிக்கடை, ஊருக்கு ஊர் கிளை, எல்லாம் அப்பா விட்டுப்போனது. நான் உடம்பு வளைந்து வேலை செய்ததில்லை என்று வாய் கூசாமல் பேசுகிறார்கள். பதினெட்டு வயதில் ஒரு வாரம் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வியாபாரம் கற்றவள் நான். மூன்றாம் நாளே காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போனது வேறு விஷயம்.

அப்பாவுக்கு இளகின மனசு. விற்பனைப் பெண்களுக்காக மாடிக்கு நாலு முக்காலி போட்டிருந்தார். அவர் போன மறுமாதமே எடுத்துவிட்டேன். உட்கார்ந்திருப்பவளைக் கூப்பிட வாங்க வருபவர்கள் தயங்குவார்கள். பத்து மணி நேரம் நிற்பது இரத்த ஓட்டத்துக்கும் நல்லதாம், சோபாவில் சாய்ந்திருந்தபோது ஒரு பத்திரிகையில் படித்தேன்.

ஆனால் அவர்கள் கெட்டிக்காரிகள். ஆபத்துக்கென்று கட்டிய பின்படிக்கட்டில் முறைபோட்டு ஐந்தைந்து நிமிடம் உட்கார ஆரம்பித்தார்கள். நாலாவது மாடியில் ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பிணி. மற்றவர்கள் தங்கள் முறையையும் அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். நான் சம்பளம் கொடுக்கும் நேரத்தில், என்னைக் கேட்காமல் தர்மம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மாடிதோறும் பின்கதவைப் பூட்டச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. காவலாளியிடம் இருந்தால் கெஞ்சி வாங்கிவிடுவார்கள் என்று என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று மதியம் மூன்றாம் மாடிக் கிடங்கில் தீப்பிடித்தது. நான் எதிர்ச்சாரிக்கு வந்துவிட்டேன். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். காவலாளி ஓடிவந்தான்.

"அம்மா, நாலாவது மாடிப் பொண்ணுங்க பின்கதவுகிட்ட மாட்டிக்கிட்டாங்க. சாவியக் குடுங்கம்மா."

"பதறாதே. முன்வாசலுக்குப் போ. இந்தக் களேபரத்துல எவ எதைச் சுருட்டிக்கிட்டுப் போறான்னு பாத்து அனுப்பு."

"உசுரு போகுதும்மா."

"புகைதானே. வந்துடுவாங்க."

கைப்பை என் மடியில்தான் இருந்தது. திறக்க ஒரு நொடி ஆகியிருக்காது. ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருக்க நான் சாவியை எடுத்துக் கொடுத்தால், பூட்டியது தப்பு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்புறம் முக்காலியும் கேட்பார்கள்.

சாவியைத் தொலைத்தது காவலாளி என்று என் வக்கீல் சொன்னதை நம்பி, பாவம், அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். பொய். சாவி இதோ. அவன்மேல் எனக்கு இரக்கம் என்று நினைக்க வேண்டாம். என் கடையில் சட்டம் போட்டது நான். அந்தப் பெயரை ஒரு காவலாளிக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

ஒன்பது பேர். வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் படியுங்கள். கதவை உடைத்தபோது ஒன்பது பேரும் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

வேலை நேரத்தில், ஐயா.