களிமண்ணின் பிடி

"நம்ம வயல்ல துத்தநாகம் இருக்காம். பயிருக்குத்தான் இல்லையாம்."

ஆத்தூர் பேருந்தில் என் முன்னிருக்கைக்காரர், மண் பரிசோதனைத் தாளைப் பார்த்தபடி மனைவியிடம் சொன்னார்.

"இருக்கா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

"இருக்கு. களிமண்ணும் மக்குன தழையும் இறுக்கிப் புடிச்சிருக்கு. எந்நேரமும் தண்ணி நிக்கிறதால விட மாட்டேங்குதாம். அதான் நெல்லு வெளுத்து நிக்குது."

"அதுக்கு என்ன செய்யணுமாம்?"

"தண்ணிய வடிச்சு வயலக் காயப் போடணுமாம். அப்பத்தான் விடுமாம்."

அந்த அம்மாள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நத்தத்துல எங்கம்மாவப் பாக்கப் போறேன்னு ஆறு மாசமாக் கேக்குறேன். நீங்களுந்தான் விட மாட்டேங்குறீக. ஒங்கள எங்க காயப் போட?"

பக்கத்து இருக்கையில் யாரோ சிரித்தார்கள். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"வயலு காயிற வரைக்கும் போய் இருந்துட்டு வா."