பழைய பாவில் ஒரு புது வெப்சைட்

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு இளம்பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்: “தறிக்காரங்க வீட்ல பொறந்ததால வந்த வினைடி இது.”

“என்னாடி ஆச்சு?”

“பட்டுக்கடைக்காரர் ஒருத்தருக்கு வெப்சைட் செஞ்சேன் இல்ல? அதோட அடிக்கட்டு, அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்க, மொதல்லேர்ந்து புதுசா போட்டிருக்கணும். நம்ம தறியில பழைய பாவு நூல் தீர்றப்போ அது நுனியிலயே புதுப் பாவ பிணைச்சிடுவாங்களே, அந்தப் பழக்கம். வேற கடைக்குச் செஞ்ச ப்ராஜெக்டையே காப்பி பண்ணி, பேரு, படம் மட்டும் மாத்தினேன்.”

“அதனால என்னா?”

“மெயில் ஐடிய மாத்தல. புடவை கேட்டு எழுதினதெல்லாம் எட்டு மாசமா அந்தப் பழைய கடைக்கே போய்கினு இருந்திருக்கு. இவரு வெளியூர் ஆர்டரத்தான் நம்பிகினு இருந்தாரு. ஒருத்தரும் கேக்கலன்னு கடையையே மூடிட்டாரு. நேத்துதான் எனக்கே தெரிஞ்சிது.”

“அவருகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லத்தான் காலையில போனேன். வாயத் தொறக்கறதுக்குள்ள, ‘நீ நல்லாத்தான் செஞ்சிருக்கம்மா, என் புடவைதான் யாருக்கும் புடிக்கல’ன்னு சொல்லி காபி குடுத்தாரு. குடிச்சிட்டு வந்துட்டேன்.”