மாலை போட்ட படம்

"ஹலோ... ஆமா, நான்தான்... யார் யார் போனாங்கன்னு கேக்கறியா? எழுதிக்கோ. நான். எம் பொண்ணு கவிநிலா. மாப்பிள கோபிநாத். பேத்தி அபி. நாலே பேரு. ஊரையே கூட்டிக்கினு போயி கொண்டாடல. நேத்து மேட்னி. அபி பாப்கார்ன் கேட்டுச்சி, வாங்கிக் குடுத்தேன். அதையும் எழுதிக்கோ."

சாமிக்கண்ணு நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் மில்லில் நின்றே வேலை பார்த்த முதுகு அது. மில்லை மூடிவிட்டார்கள், வயதும் எழுபதைத் தாண்டிவிட்டது. முதுகு மட்டும் வளையவில்லை. சேதராப்பட்டிலிருந்து தம்பி நாராயணசாமி போனில் கத்திக்கொண்டிருந்தான். மூலையில் ராஜாம்பாளுக்கு ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் மனைவி போய் இன்றோடு இருபத்தாறு நாள்.

"இருடா... இரு... ஆமா, முப்பதுகூட முடியல. கணக்கு எனக்குத் தெரியாதா? கருமாதி பண்ணவனே நான்தான்... சாவு விழுந்த வூடு, சினிமா கொட்டாய்க்குப் போவக்கூடாது. தெரியும். உனக்கு அதச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்... ஒரு படம்னு யாரு சொன்னது? தப்பு. மூணு படம். ரெண்டு கொட்டாயில, ஒண்ணு கவிநிலா வூட்டு டிவில. பேசறதுதான் பேசறாங்க, சரியாப் பேசச் சொல்லு."

அந்த மூன்று படங்களும் புதுச்சேரியில் எடுத்தவை. இந்த ஊர்த் தெருக்களில் வாரத்துக்கு ஒரு படப்பிடிப்பு நடக்கும். கூட்டத்தில் நிற்க ஆள் கேட்பார்கள். நான்கு வருடமாக ராஜாம்பாள் போய் நின்றுவந்தாள். நல்ல குடும்பத்துப் பொம்பளை செய்கிற வேலையா இது என்று சாமிக்கண்ணு கேட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போவாள். அவள் இருந்தவரை ஒரு படத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

"...எப்பிடி இருந்துதா? மொதப் படம் பேய்ப் படம். பேய்க்கு எதுக்குடா அவ்ளோ லிப்ஸ்டிக்கு? காலே இல்லாதது எதுக்கு அந்த ஓட்டம் ஓடுது?... ம்... ரோமன் ரோலான் வீதியில மஞ்ச செவுரு. ஹீரோ பைக்குல போறான். பின்னால பூக்கூடையோட ஒருத்தி நடக்கறா. அதான் உங்கண்ணி. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிட்டா... ஆமா, அவ்ளோதான். அபி 'ஆயா!'ன்னு கத்திட்டா. முன் சீட்டுக்காரன், கொழந்த பேயப் பாத்து பயந்துடுச்சின்னு நெனச்சிக்கினான்... நானா? நான் எழுந்து நின்னுட்டேன். பின்னாலேருந்து ஒருத்தன், 'உக்காருய்யா பெருசு'ன்னான்... இன்னா பண்றது, உக்காந்தேன். ஒருத்தன் சொல்லி நான் உக்காந்தது அன்னிக்கித்தான்."

அவர் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார்.

"ரெண்டாவது வெட்டுக்குத்து... கதையா? கதை எங்க இருக்குது? பெரிய மார்க்கெட்டுல தள்ளுவண்டியத் தூக்கி அடிக்கறான், தக்காளி பறக்குது, சனம் ஓடுது. உங்கண்ணியும் ஓடறா... ஆமாண்டா, அந்த முட்டியோடதான். எத்தினி வாட்டி ஓடவச்சானோ தெரியல. மாப்பிள நல்லதுன்னு நெனச்சிக்கினு, திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டறாரு. நான் போதும்னு சொல்லிட்டேன்... இல்ல, அதுக்கில்ல... அன்னிக்கி சாயங்காலம் நொண்டிக்கினே வந்து சோறு வடிச்சா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. கால்ல இன்னான்னு நான் கேக்கல."

அவர் எழுந்தார். விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். அதே நேராக.

"இருக்கறேன், சொல்லு... இன்னா? பிளக்ஸ் கடைக்கா? யாரக் கேட்டு அனுப்பிச்ச? ஆதார் படத்தையா?... டேய், அதுல அவள போலீஸ் புடிச்சிக்கினு போன மாதிரி இருக்கும்டா. ஞாயித்துக்கெழம படத்திறப்பு. செவுத்துல காலத்துக்கும் தொங்கப்போற படம். வேற படம் இல்லன்னு நீயா முடிவு பண்ணிட்டியா?... கல்யாணப் படத்துல தலைய குனிஞ்சிக்கினு இருக்கா, வகிடுதான் தெரியுது. சரி... கடைக்காரன் எத்தினி மணிக்கி அடிக்கறான்? ஆறா? அவன நிறுத்தி வை. நிறுத்தி வைன்னு சொல்றேன் இல்ல."

சுவரில் மணி நாலரை.

"மூணாவது படத்தப் பத்தி நீ கேக்கலியே... தெரியும்ன்றியா? இன்னா தெரியும் உனக்கு? டிரெய்லர்தான் தெரியும். நாலு மாசம் முன்னாடி உம் பொண்டாட்டி கொளஞ்சி அத போன்ல பாத்தா. அதுல ஹீரோவோட செத்துப்போன அம்மான்னு உங்கண்ணி படத்துக்கு மாலை, பொட்டு, ஊதுவத்தி. பாத்தவ ஒரு வார்த்த எங்களக் கேட்டாளா? ஊரு பூரா ஒப்பாரி. உம் மச்சான் ரோசாப்பூ மாலையோட எங்க வாசல்ல வந்து நின்னான். கதவத் தொறந்தது யாரு? செத்தவ!... சிரிக்காதடா... அன்னிக்கி அவளும் சிரிச்சா. 'உள்ள வாங்க, காப்பி குடிச்சிட்டு மாலைய நீங்களே போட்டுக்கினு போங்க'ன்னா. நான் ஒருத்தன்தான் சிரிக்கல."

அன்றைக்கு அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தெருவாசிகளின் முகங்கள். சினிமா கம்பெனிக்காரர்கள் வேலை முடிந்ததும் அந்தப் படத்தை, பிரேமோடு, ராஜாம்பாளிடமே கொடுத்திருந்தார்கள். அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஆற்றுப் பாலம் இருக்கும் நோணாங்குப்பத்துக்கு பஸ் ஏறிய சாமிக்கண்ணு, இருட்டுவதற்குள் வெறுங்கையோடு திரும்பினார். ஆற்றில் எறிந்துவிட்டார் என்று சொந்தமெல்லாம் பேசியது. மானஸ்தன் என்றும் சொன்னது. அவர் மறுக்கவில்லை. அதன்பிறகு மனைவியோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை, அவளைக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை.

"...ஹாங், இதத்தான் எதிர்பாத்தேன். கொளஞ்சி சொல்றாளா? உசிரோட இருக்கும்போதே மாலை போட்டதால போயிட்டாளாமா? சக்கரைடா. கிட்னி ரெண்டும் போச்சி. டாக்டர் எழுதிக் குடுத்துருக்கான். மாலை போட்டா சாவறதுன்னா இந்த ஊர்ல ஒரு கட்சிக்காரன் மிஞ்சுவானா?... மரியாதையா பேசச் சொல்லு."

"...படமா? சொல்றேன், கேளு. அந்த ஹீரோ பையன் பிரான்சுக்குக் கெளம்பறான். அம்மா இல்ல. பொட்டிய கீழ வச்சிட்டு அம்மா படத்துக்கு முன்னால வந்து நிக்கறான். பேசறான். மூணு நிமிஷம் இருக்கும். சின்ன வயசுல அடிச்சது, ஆக்கிப் போட்டது, எல்லாம் பேசறான். கொட்டாய் பூரா அழுவுது. அவ செவுத்துலேருந்து சிரிச்சிக்கினே கேக்கறா... நாப்பத்திரண்டு வருஷம்டா. அவ மூஞ்சியப் பாத்து சேந்தாப்பல மூணு நிமிஷம் நான் பேசினதில்ல. எவனோ ஒருத்தன், யாரு பெத்த புள்ளையோ, பேசிட்டுப் போறான்... இல்ல, அழுவல. தூசி. மேட்னின்னா கூட்டமாட்டான்."

அவர் கன்னத்தைத் துடைக்கவில்லை.

"அதுல அவ கட்டியிருக்கற பொடவ தெரியுமா? அரக்குக் கலரு. மில்லு மூடறதுக்கு முன்னாடி கடைசி தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தது. சினிமாக்காரன் கேட்டப்ப, இருக்கறதுலயே நல்லது இதுதான்னு அதக் கட்டிக்கினு போயிருக்கா... ம்... ம்... அந்தப் படந்தான் வேணும். ஞாயித்துக்கெழம அதத்தான் தொறக்கறோம்... குடும்ப மானமா? எனக்கே சொல்றியா? அவ கூட்டத்துல நின்னு யாருக்கும் தலைகுனியல. வூட்ல தலைகுனிய வச்சது நான்."

போனில் நாராயணசாமியின் குரல் வெகுநேரம் ஓடியது. சாமிக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எழுந்து, கொடியிலிருந்த சட்டையை ஒரு கையால் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பேசி முடிச்சிட்டியா?... இப்ப நான் சொல்றேன். ஆஸ்பத்திரியில, போறதுக்கு மொத நாளு, அவ என்னக் கேட்டா. 'அன்னிக்கி ஆத்துல தண்ணி நெறைய இருந்துதாங்க?' அது ஒண்ணுதான் கேட்டா. கோவமா இல்ல, சும்மா கேக்கற மாதிரி... 'இருந்துது'ன்னேன்... ஆமா, நான்தான் சொன்னேன். என் வாயால. தலைய ஆட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா... அழுவாதடா. நீ எதுக்கு அழுவற? கேளு. பாலத்து மேல போயி நின்னது நெஜம். காயிதத்தப் பிரிச்சேன். சிரிச்சா. திரும்பவும் சுத்திட்டேன். வர்ற வழியில முதலியார்பேட்டயில எறங்கி, கூட மில்லுல இருந்த ஜானகிராமன் வச்சிருக்கானே தையக் கடை, அங்க குடுத்து வச்சேன். மேல்பலகையில இருக்குது. இப்ப அங்கதான் போறேன். ஆறு மணிக்குள்ள பிளக்ஸ் கடைக்கு வந்துடுவேன். நீயும் வந்து நில்லு. கொளஞ்சிகிட்ட சொல்லு, மச்சான்கிட்ட சொல்லு, அத்தினி பேருகிட்டயும் சொல்லு. அந்தப் படத்த நான் ஆத்துல எறியல."