ஆடு தள்ளிவிட்ட கேமரா

எனக்கு ஆடுகளைப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

இதைக் கோடு போட்ட தாளில், இடது பக்கம் மார்ஜின் விட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். மார்ஜின் விடச் சொன்னது என் மனைவி ஜெஸ்ஸி. எட்டாம் வகுப்பு டீச்சர். அவள் வகுப்பில் தப்புச் செய்கிறவர்களுக்கு அடி கிடையாது, முட்டி போடுவது கிடையாது. ஒரு தாளைக் கொடுத்து, "நடந்தத நடந்த மாதிரி வரிசையா எழுது. சாக்குச் சொல்லாத" என்பாள். இதற்கு அடியே தேவலை என்று பையன்கள் சொல்வதாகக் கேள்வி. இன்று காலை அந்தத் தாள் எனக்கு வந்தது.

என் பெயர் சேவியர். திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டுப் பக்கம் வீடு. பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதும் குமாஸ்தா வேலை. இருபது வருடமாக எத்தனையோ தடவை 'சாவுக்குக் காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். அதனால் இதையும் நிதானமாகவே எழுத முடிகிறது.

இறந்தது ஒரு ஃபிலிம் கேமரா. 1995இல் எங்கள் கல்யாணத்துக்கு ஜெஸ்ஸியின் அண்ணன் இஞ்ஞாசி மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. முழுக்க உலோகம். எங்கள் ஊரில் பூட்டுச் செய்கிறவர்கள் ஒருநாள் கூடிப் பேசி, சரி, ஒரு கேமராவும் செய்துவிடுவோம் என்று இறங்கினால் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஞானஸ்நானம், புதுநன்மை, ஜெஸ்ஸியின் பள்ளிக்கூட விழா என்று பத்து வருடம் அது ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் அதன் மேல் எனக்கிருந்த ஒரே குறை.

2005 நடுவில் எனக்கு, லென்ஸை மாற்றி மாற்றிப் போடக்கூடிய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா மேல் ஆசை வந்தது. பேகம்பூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சௌகத் அலி என்னோடு பள்ளியில் படித்தவன். அவன் கடை பெஞ்சில் உட்கார்ந்து எட்டு மாதம் கேமரா தேர்ந்தெடுத்தேன். அப்போது ஊரில் இரண்டு கட்சி. கழுத்து வாரில் சிவப்பு எழுத்துப் போட்ட கம்பெனி ஒன்று, மஞ்சள் எழுத்துப் போட்ட கம்பெனி ஒன்று. ஒரு கட்சிக்காரன் கல்யாணத்துக்கு இன்னொரு கட்சிக்காரன் படமெடுக்கப் போக மாட்டான். நான் தீபாவளிவரை சிவப்பில் இருந்தேன், கிறிஸ்துமஸுக்கு மஞ்சளுக்குத் தாவினேன், பொங்கலுக்குத் திரும்பி வந்தேன். பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரின்ட் தாள்கள் ஒரு தலையணை உயரம் சேர்ந்தன. மஞ்சளின் ஆறு மெகாபிக்சலா சிவப்பின் எட்டா என்பதிலேயே நாற்பது நாள் போனது.

கடைசியில் சௌகத் அலிக்கே பொறுக்கவில்லை. "மாப்ள, நீ எடுக்கப் போறதுதான் என்ன?" என்றான்.

"ஆத்தூர் டேம்ல கொக்கு, நாரை."

"கொக்குக்கு ஆறு போதும். எந்திரிச்சுப் போ, கஸ்டமர் நிக்கிறாரு."

அப்படித்தான் மஞ்சள் எழுத்து, ஆறு மெகாபிக்சல் என்று முடிவானது. வீட்டில் சொன்னேன். ஜெஸ்ஸி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இருக்கிற கேமரா படம் எடுக்குதுல்ல?"

"எடுக்குது."

"அப்புறம் என்னங்க? அது தானா உயிர விடட்டும், மறுநாளே போயி வாங்கிக்கங்க. ஆனா நீங்க கை வச்சு அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு தெரிஞ்சுச்சு, அப்புறம் இந்த ஜென்மத்துல கேமராவத் தொடக் கூடாது. எங்கண்ணன் குடுத்தது."

நியாயமான பேச்சு. நான் தலையாட்டினேன். ஏதாச்சும் ஆச்சுன்னா என்று அவள் சொல்லவில்லை, ஆச்சுன்னு தெரிஞ்சுச்சுன்னா என்றுதான் சொன்னாள் என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

கொல்ல வேண்டும் என்று அப்போது நினைக்கவே இல்லை. இயற்கையாகச் சாக அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். நம்பிக்கையோடு, வரப்போகும் டிஜிட்டலுக்கு மெமரி கார்டு ஒன்றை வாங்கி என் கல்யாணக் கோட்டின் பைக்குள் வைத்தேன். அந்தக் கோட்டு இனி எனக்குச் சேராது என்பதால் ஜெஸ்ஸி அதைத் தொடுவதில்லை.

மே மாதம் பழைய கேமராவை மூன்று நாள் மொட்டை மாடியில், மோர்மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மிளகாய் காய்ந்தது. கேமராவின் தோல் உறை அப்பளம் மாதிரி ஆனது. கேமரா அப்படியே இருந்தது. ஜூலையில் ஆத்தூர் அணைக் கரையில் அது என் கையிலிருந்து நழுவ அனுமதித்தேன். முழங்கால் தண்ணீர். எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர் குதித்து எடுத்துக்கொண்டு, "சார், சாமானப் போட்டுட்டுப் போறீங்களே" என்று பஸ் ஸ்டாப்வரை ஓடி வந்தார். உலகத்தில் நல்லவர்கள் இருப்பது சில நேரம் பெரிய இடைஞ்சல். ஜெஸ்ஸி அதை அறுபது வாட் பல்புக்குக் கீழே இரண்டு நாள் வைத்தாள், கோழிக் குஞ்சு பொரிப்பது மாதிரி. அது பிழைத்துக்கொண்டது.

ஆகஸ்டில் ராமரிடம் இரவல் கொடுத்தேன். ராமர் என் ஆபீஸில் பக்கத்து நாற்காலி. அவரிடம் ஒரு முறை குடை கொடுத்து மூன்று துண்டாக வாங்கியிருக்கிறேன். குஜிலியம்பாறையில் அவர் தங்கை மகனுக்குக் காதுகுத்து. நாலு நாள் கழித்துக் கேமராவைப் பஞ்சால் துடைத்து, புது பேட்டரி போட்டு, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "இம்புட்டு நல்ல சாமான இப்பிடித் தூசியா வச்சிருக்கீங்களே சார், மனசு கேக்கல" என்றார். அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெஸ்ஸி பூசைக்குப் போயிருந்தாள். எனக்குத் தலைவலி என்று சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை, எட்டு மாதம் மெகாபிக்சல் படித்தால் யாருக்கும் வரும்.

பக்கத்து வீட்டுப் பேச்சாயி அக்கா நாலு ஆடு வைத்திருந்தார். அதில் ஒரு செவலைக் குட்டி. பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வருவது அது ஒன்றுதான், செவ்வந்தி என்று பேர். எங்கள் மாடிப்படியில் ஏறி விளையாடுவது அதன் வழக்கம். நான் கேமரா வாரை வடிகஞ்சியில் நனைத்து, கைப்பிடிச் சுவருக்கு வெளியே கேமராவைத் தொங்கவிட்டு, வாரை உள்பக்கம் ஒரு செங்கல்லால் அழுத்தி வைத்தேன். ஆடு இழுக்கும், சுவரில் இடிக்கும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. செவ்வந்தி வந்தது. முகர்ந்தது. கஞ்சி பழக்கமில்லை போலிருக்கிறது, தும்மிவிட்டு மிளகாய்த் தட்டுப் பக்கம் போய்விட்டது. அதன் ஒழுக்கத்தை அன்றும் மதித்தேன், இன்றும் மதிக்கிறேன்.

ஆகவே நானே செய்தேன். கேமராவைக் கடைசியாக ஒரு தரம் கையில் எடுத்தேன். எடுத்ததும் பெருவிரல் தானாக ஃபிலிம் லீவரை இழுத்துவிட்டது, பத்து வருடப் பழக்கம். வாரைக் கழற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டி, இரண்டு கையையும் விரித்தேன். நேர் கீழே துவைக்கிற கல். போகிற வழியில் துணிக்கொடிக் கம்பியில் பட்டுப் புரண்டது. க்ளிக் என்று ஒரு சத்தம். உயிர் போகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாரின் ஒரு நுனியைக் குட்டியின் வாயில் வைத்தேன். அது மறுக்கவில்லை. யார் எதைக் கொடுத்தாலும் ஒரு தரம் மென்று பார்க்கிற நல்ல குணம் அதற்கு.

ஜெஸ்ஸி வந்து கல்லடியில் உட்கார்ந்துவிட்டாள். லென்ஸ் மூன்றாக உடைந்திருந்தது. அழுதாள், ஆனால் என்னைத் திட்டவில்லை. "மாடில வச்சிட்டுக் காப்பி குடிக்கப் போனேன் ஜெஸ்ஸி, செத்த நேரந்தான்" என்றேன். பேச்சாயி அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தார். ஆட்டின் வாயில் வாரைப் பார்த்தார்.

"டீச்சர், நான் என்னத்தச் சொல்ல. அம்புட்டுப் பெரிய சாமான இந்தச் சிறுக்கி இப்பிடிப் பண்ணிப்புட்டாளே."

"விடுங்கக்கா, வாயில்லாத சீவன்."

"அதெப்பிடி விடுறது? என்னால அத வாங்கித் தர முடியாது. இவள வச்சுக்கங்க. வளத்தாலும் சரி, அறுத்தாலும் சரி."

வேண்டாம் என்று ஜெஸ்ஸி எவ்வளவோ சொன்னாள். அக்கா கேட்கவில்லை. குட்டியை எங்கள் வீட்டு முருங்கையில் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசியிருக்கலாம். ஆனால் பெண்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுவது எனக்குப் பழக்கமில்லை.

அடுத்த சனிக்கிழமை சௌகத் அலியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்ப் புதுக் கேமராவை வாங்கினேன். வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் ஜெஸ்ஸி பின்பக்கத் திரையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலயே. கருப்பா இருக்கு."

"எடுத்தப்புறம்தான் அதுல தெரியும்."

"அப்ப எடுக்கறதுக்கு முன்னால எதப் பாக்கறது?"

"இந்த ஓட்டைல கண்ண வச்சு."

"அதுலயும் ஓட்டை, இதுலயும் ஓட்டை. எங்கண்ணன் குடுத்த ஓட்டை என்ன பாவம் பண்ணுச்சு?"

நான் பேட்டரியைச் சார்ஜில் போடப் போனேன்.

முதல் படம் செவ்வந்தியைத்தான் எடுத்தேன், முற்றத்தில் வேறு யாரும் இல்லை. அது நேராக லென்ஸைப் பார்த்தது. திரையிலும் நேராக என்னைப் பார்த்தது. அழித்துவிட்டேன். டிஜிட்டலில் அந்த வசதி உண்டு.

ஒரு வருடம் இரண்டு மாதம் இப்படிப் போனது. தினமும் சாயங்காலம் பேச்சாயி அக்கா சுவருக்கு மேலே எட்டி, "நல்லாருக்கியாடி" என்று மெதுவாகக் கேட்பார். எங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். நான்தான் குட்டிக்கு அகத்திக் கீரை போட்டேன், காலையில் வடிகஞ்சி வைத்தேன். நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அக்கா குனிகிற நேரத்துக்குச் சரியாக எனக்கு வீட்டுக்குள் ஏதாவது வேலை வந்துவிடும்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு இஞ்ஞாசி மச்சான் வருகிறார். அண்ணனிடம் காட்டி மன்னிப்புக் கேட்க, ஜெஸ்ஸி போன வாரம் செத்த கேமராவைப் பீரோவிலிருந்து எடுத்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் பின்மூடி மட்டும் திறந்துகொள்ளவில்லை. உள்ளே ஃபிலிம் இருந்தது. பீரோவில் இருந்த இத்தனை நாளும் அது உள்ளேயே இருந்திருக்கிறது. மெமரி கார்டைக் கோட்டில் ஒளித்தவனுக்கு, ஃபிலிம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. ஆசிரியர் தினப் படமெல்லாம் அதில் இருக்கும் என்று அவள் சௌகத் அலியிடம் கொடுத்தாள்.

இன்று காலை கவர் வந்தது. எல்லாம் சின்ன அளவு, கடைசிப் படம் மட்டும் காலண்டர் அளவு. "உன் வீட்டுக்காரரு படம் ரொம்ப நல்லா விழுந்திருந்துச்சும்மா, அதான் பெருசாப் போட்டேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

நல்ல படம்தான். விழுகிற கேமரா கீழிருந்து மேலே பார்த்த கோணம். சுவர் விளிம்பு, நீல வானம், அதில் என் முகம். விரித்த இரண்டு உள்ளங்கை, ரேகைவரை தெரிகிறது. பூசையில் திவ்விய நற்கருணை அப்பம் வாங்கக் கை நீட்டுகிறவன் மாதிரி சாந்தமான பார்வை. ஆடு படத்தில் எங்குமே இல்லை.

ஜெஸ்ஸி அதைப் பார்த்தாள். பிறகு ஸ்கேலும் தாளும் கொண்டுவந்து வைத்தாள். "தண்டனைய நான் குடுக்க மாட்டேன். பேச்சாயி அக்கா குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆட்டை அவிழ்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். இனி ஜென்மத்துக்கும் கேமராவைத் தொட முடியாது என்று நினைத்து, நான் மார்ஜின் போட்டுக்கொண்டே காத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் செவ்வந்தியின் சத்தம், அப்புறம் அக்காவின் சிரிப்பும் அழுகையும்.

"அப்ப எம்புள்ள ஒண்ணும் பண்ணலயா டீச்சர்? நான் அப்பவே நெனச்சேன், இவ அப்பிடிப்பட்டவ இல்லன்னு. அது போதும். அவரு கேமராவ அவரே வச்சுக்கட்டும், அத வச்சு நான் என்னத்தச் செய்யப் போறேன். எங்க ரெண்டு பேத்தையும் ஒரு போட்டோ புடிச்சுத் தரச் சொல்லுங்க."

எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய் எடுத்துக் கொடுத்தேன். அக்கா குனியாமல் நேராகப் பார்த்தார். ஓட்டைக்குள் கண்ணை வைத்திருந்ததில் ஒரு வசதி, மறு கண்ணைத் துடைத்தால் வெளியே தெரியாது.

என் வாக்குமூலம் இவ்வளவுதான். கொன்றது நான். வாரை வாயில் வைத்தது நான். இதை மச்சான் முன்னால் வாசிக்கவும் சம்மதிக்கிறேன். புதுக் கேமராவின் மேலோ லென்ஸின் மேலோ என் கையால் ஒரு கீறல்கூட விழாது என்று தனி வரியில் எழுதச் சொல்கிறாள் ஜெஸ்ஸி. எழுதிவிட்டேன். அதில் எனக்கு உண்மையாகவே எந்தச் சங்கடமும் இல்லை.

ஒன்றே ஒன்று. கேமராவோடு பெட்டியில் வந்த இந்தச் சின்ன லென்ஸில் ஆத்தூர்க் கொக்கு குண்டூசித் தலை அளவுக்குத்தான் விழுகிறது. கொக்கு போகட்டும். பேச்சாயி அக்காவின் முகத்துக்கு இது நியாயம் செய்யவில்லை, பின்னாலிருக்கும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்து தெரிகிறது. நீள லென்ஸ் இருந்தால் அப்படியே மங்கலாக ஒதுங்கிவிடும். என் ஆசைக்காகச் சொல்லவில்லை, அந்த அம்மாளுக்காகத்தான். இருக்கிற லென்ஸ் நன்றாக இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று ஜெஸ்ஸி கேட்பாள், அதுவும் நியாயம்தான்.

செவ்வந்தி இப்போதும் சுவர் தாண்டி என்னைத் தேடி வந்துவிட்டது. புதுக் கேமராவையும் வைத்துக்கொண்டு நான் இதை எழுதும் மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. நன்றாக வளர்ந்துவிட்டது. கஞ்சி பழகிவிட்டது. முன்னங்காலைத் தூக்கினால் மேசையும் எட்டுகிறது.