குலுக்கலுக்குக் கட்டுப்பட்ட தெய்வானை அக்காவுக்கு

மருந்தின் மதிப்பறிந்த மாண்பாளரே! முப்பத்தைந்து ஆண்டுகள் எங்கள் மருந்தகத்தின் முதுகெலும்பாய் நின்றவரே! முறைப்படி எழுதாத மருந்துச் சீட்டை மூத்த மருத்துவ நிபுணரே நீட்டினாலும் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்த முதன்மை மருந்தாளுநரே! இன்று பணி ஓய்வு பெறும் தெய்வானை மெய்யநாதன் அம்மையாரே! வணக்கம்.

இந்த இடத்திலிருந்து "தாங்கள்", "தங்கள்" என்று தொடர்வதுதான் மடலுக்கு அழகு. ஆனால் நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து தேநீர் கலக்கப் போய்விடுவீர்கள். போன மாதம் மருத்துவமனை இயக்குநர் தங்களைப் புகழ்ந்து பேசத் தொடங்கியதும் அதைத்தான் செய்தீர்கள். ஆகவே, வேறு யாரோ ஒரு தெய்வானையின் கதை என்று எண்ணிக்கொண்டு நாற்காலியை விட்டு எழாமல் கேட்க வேண்டுகிறோம்.

அந்தத் தெய்வானை காலை ஆறரைக்கே கெலுகோர் வீட்டிலிருந்து வந்துவிடுவார். மருந்துக் குளிர்பெட்டியின் வெப்பநிலை எத்தனை பாகை என்று பார்க்காமல் ஒருநாளும் பையைக் கீழே வைத்ததில்லை. சிடுமூஞ்சி என்று அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவர்கள் இந்த மடலின் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் ஊரே அடங்கிக் கிடந்தது. கொரோனாவுக்கென்று மருந்து எதுவும் இல்லை. எச்.ஐ.வி. கிருமியை அடக்கப் பல ஆண்டுகளாய்க் கொடுத்துவந்த ஒரு மாத்திரை இதற்கும் கைகொடுக்குமா என்று பல நாடுகள் ஆராய்ந்தன. எங்கள் மருத்துவமனையும் ஓர் ஆய்வில் சேர்ந்தது. சம்மதித்த நோயாளிகளில் யாருக்கு மாத்திரை, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும். இரு சாராரையும் ஒப்பிட்டால்தான் மாத்திரையால் பலன் உண்டா என்று தெரியும். மாத்திரைக்குப் பொறுப்பு தெய்வானை.

ஏப்ரலில் ஜெயராஜ் படுத்தார். எங்கள் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர், சுங்கை பினாங்குக்காரர், பதினெட்டு ஆண்டுகளாய்த் தெய்வானைக்கு வலக்கை. மூக்கில் பிராணவாயுக் குழாயோடு அவரும் ஆய்வுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். கணினி அவருக்கு மாத்திரை இல்லை என்றது. அதே நாளில் கிஷன் என்ற நேப்பாளக் காவலாளிக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் ஜாகாவுக்கு, உண்டு என்றது.

இந்த மடலை எழுதும் குகன்தான் முதலில் வாய் திறந்தவர். "அக்கா, அந்த ஜாகாவுக்குக் கேக்க ஆள் கெடையாது. போத்தல மாத்தி வச்சா யாருக்குத் தெரியப் போவுது லா? ஜெயராஜண்ணே நம்ம ஆளு."

"கிஷனுந்தான் கையெழுத்துப் போட்டிருக்கான், தம்பி. போத்தல்ல அவன் நம்பர் இருக்கு. நமக்கு வேண்டியவங்களுக்கு மாத்திக் கொடுத்தா, அந்த மருந்து வேல செய்யுதான்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது."

குகன் கேட்கவில்லை. மதியம் தெய்வானை கூட்டத்துக்குப் போனதும் கிஷனின் போத்தலை எடுத்துக்கொண்டுபோய், ஜெயராஜுக்கென்று சொல்லி வார்டில் கொடுத்துவிட்டார். திரும்பிவந்த தெய்வானை மாத்திரை அலமாரியைப் பார்த்தார், குகனின் முகத்தைப் பார்த்தார். பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு தாமே வார்டுக்குள் போனார். அதற்குள் ஜெயராஜின் உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகள் இருந்தன.

"ஜெயராஜ், அத குடு."

"மூச்சு விட முடியலக்கா. இத மட்டும் விட்டுட்டுப் போங்கக்கா."

மூடிய விரல்களைத் தெய்வானைதான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். கிஷனுக்குப் புதுப் போத்தல் போனது. நடந்ததை மறைக்காமல் மேலிடத்துக்கு எழுதினார். குகனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும், அலமாரியைப் பூட்டாமல் போனதற்காகத் தெய்வானைக்கு இன்னொன்றும் வந்தன.

அதன்பின் மருந்தகத்தில் யாரும் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. உடன் வேலை பார்க்கும் நஜ்வா காலை வணக்கத்தைக்கூட நிறுத்தினார். ஜெயராஜின் மனைவி நல்லம்மாள் தொலைபேசியில் அழைத்து, "ஒங்க வீட்டு ஆளா இருந்தா இப்படிப் பிடுங்குவீங்களா?" என்று கேட்டார்.

ஒன்பதாம் நாள் கிஷன் இறந்தார். தெய்வானை மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அது கண்ணாடிக் கதவு என்பதை மறந்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் ஜெயராஜ் வீடு திரும்பினார். நாங்கள் வெட்கமே இல்லாமல் போய், "நீங்க செஞ்சதுதான் சரி அக்கா" என்றோம். "ரெண்டு பேர வச்சு ஒன்னும் சொல்ல முடியாது, போய் வேலையப் பாருங்க" என்று எரிந்து விழுந்தார்.

பிறகு, ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து முடிவு வந்தது. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அந்த மாத்திரையால் பலன் இல்லை. எங்கள் வார்டிலும் கொடுப்பதை நிறுத்தினோம். குகன் ஓடிப்போய், "பாத்தீங்களாக்கா, ஒங்க மேல தப்பே இல்ல" என்றார்.

தெய்வானை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பலன் உண்டுன்னு வந்திருந்தாலும் நான் அன்னிக்குப் பிடுங்கித்தான் இருப்பேன், தம்பி. அப்ப ஜெயராஜ் மொகத்துல எப்படி முழிச்சிருப்பேன்? அத நெனச்சாத்தான் தூக்கம் வர மாட்டேங்குது."

கிடங்குக்குத் திரும்பிய ஜெயராஜ், வேலைப் பேச்சைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை அதிகம் பேசியதில்லை. ஆண்டுகள் ஓடியும் அப்படித்தான். எங்களில் மற்ற எல்லோரும் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அந்த ஒருவரின் ஒரு சொல்லுக்காகத் தெய்வானை காத்திருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை.

கதை இவ்வளவுதான். அம்மையாரே, இனி மீண்டும் தாங்கள்.

அன்பால் வளையாத அறத்தாரே! வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராத நேர்மையாளரே! தங்கள் கண்டிப்பு எங்களுக்குக் கசந்தது உண்மை. அன்று நாங்கள் தங்களைத் தனியே விட்டது அதைவிடப் பெரிய உண்மை. அதை இந்தச் சபையிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

மடலின் முடிவில் நீடூழி வாழ வாழ்த்த வேண்டும். அந்த வரியை எழுதித் தரும்படி ஜெயராஜைக் கேட்டோம். தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார். அவர் தந்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசிக்கிறோம்:

"அக்கா, நீங்க செஞ்சது சரின்னு எனக்கும் தெரியும். ஆனா கோவம் இன்னும் போகல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறையுது. முழுசாத் தீர இன்னும் ஒரு இருவது வருஷம் ஆவும். அதுவரைக்கும் நீங்க நல்லா இருக்கணும்."

ஜெயராஜ், குகன், நஜ்வா
மற்றும் மருந்தகப் பணியாளர் அனைவரும்
ஜோர்ஜ் டவுன், பினாங்கு