ஒட்டாத சோறு

வள்ளியம்மை: ...அதெல்லாம் இருக்கட்டும் குந்தவை. என்னை வராண்டாவுல நிக்க வச்சுட்டு, அந்த டாக்டர் ஒன்கிட்ட மட்டும் அவ்வளவு நேரம் என்ன பேசுனாரு?

குந்தவை: நல்ல சேதிதான் அண்ணி. ஒங்க தம்பிய நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்களாம்.

வள்ளியம்மை: என் தம்பி சேதிய அடுத்தவ வாயால கேக்க வேண்டியிருக்கு... ம். எந்த வீட்டுக்கு?

குந்தவை: ஒரத்தநாட்டுக்குத்தான். எங்க அம்மா ரூமைக் கழுவி வச்சிருக்கு.

வள்ளியம்மை: ஏன், திருவையாத்துல அவன் பொறந்த வீடு இடிஞ்சா போச்சு? சிங்கப்பூர் கப்பல் பட்டறை வேலையில வெந்துட்டு லீவுல வந்தான். வந்த வாரமே வயித்துல சீழ் வச்சு, ரத்தமெல்லாம் விஷமாயி, செத்துப் பொழச்சிருக்கான். தேத்துனது யாரு? தினம் சாயங்காலம் பஸ் ஏறி தஞ்சாவூர் வந்து ரசஞ்சோறு ஊட்டுனது யாரு?

குந்தவை: ஒங்க ரசத்தாலன்னு டாக்டர் சொல்லலியே...

வள்ளியம்மை: பின்ன, ஒன்னாலயா?

குந்தவை: என்னாலயும் இல்ல. ரத்தத்துல ஒரு புரோட்டீன் இருக்காம் அண்ணி. ஒடம்பை வளக்குற சத்தைக் கட்டிப் பிடிச்சு, பத்திரமா தூக்கிட்டுப் போவுமாம். பெரிய சீக்கு வந்தா அது சிதைஞ்சு கொறைஞ்சுடுமாம். அப்ப யாரு என்ன ஊட்டுனாலும் சதை பிடிக்காதாம்.

வள்ளியம்மை: தூக்கிட்டுப் போறதா? அம்மா கண்ணை மூடுனப்புறம் அவனை இடுப்பை விட்டு எறக்காம தூக்கிட்டுத் திரிஞ்சவ நான். அந்தப் புரோட்டீனு நான்தான்னு சொல்லு.

குந்தவை: சரி, நீங்கதான். இன்னும் கேளுங்க. அதே நேரத்துல வேற ஒரு புரோட்டீன் ஏறிக்குமாம். அதுவும் அந்தச் சத்தைப் பிடிச்சுக்கும். ஆனா வேலை செய்ய விடாதாம்... தன்கிட்டயே கெட்டியா வச்சுக்குமாம்.

வள்ளியம்மை: அது நீ.

குந்தவை: அண்ணி!

வள்ளியம்மை: சுடுதா? சிங்கப்பூர்லேர்ந்து போன்னா ஒங்க ஊரு டெலிபோன் பூத்துக்குத்தான் வரும். ஒனக்குச் சேலை. எனக்குக் கோடாலித் தைலம்.

குந்தவை: தைலம் நீங்க கேட்டதாத்தானே சொன்னாரு...

வள்ளியம்மை: தைலத்தைக் கேட்டேன். சேலையையும் கேட்டுத்தான் வாங்கணுமா?... விடு. இப்ப எப்படி இருக்காம், அந்த என் புரோட்டீனு?

குந்தவை: மெட்ராஸுக்கு ரத்தம் அனுப்புனாங்கள்ல? திரும்ப ஏறியிருக்காம். சீக்கு தணிஞ்சுடுச்சு. இனிமே சாப்பிடுறது ஒட்டுமாம்.

வள்ளியம்மை: நீ ஒங்கம்மாகிட்ட என்ன சொன்னே? அண்ணி போடுற சோறு ஒட்ட மாட்டேங்குதுன்னு.

குந்தவை: ...சொன்னேன். தப்புதான். என் சோறும்தானே ஒட்டல.

வள்ளியம்மை: ஆனா குடிச்சது என் ரசத்தை! “இதான்க்கா ஒன் கை மணம்”னு கண்ணு கலங்குனான். வார்டே கேட்டுச்சு. அவன் திருவையாத்துக்குத்தான் வரணும்.

குந்தவை: ஒண்ணு கேக்கட்டுமா? காலையில நானும் பிளாஸ்க்ல ரசம் வச்சுட்டுப் போறேன். நீங்க கெளம்புனப்புறம் வந்து பாத்தா காலி. ஒங்க ரசத்தை நீங்களே வாஷ்பேசின்ல ஊத்துறீங்கன்னு நர்ஸம்மா சொல்றாங்க...

வள்ளியம்மை: அவளுக்கு ஊசி போடுற வேலை ஒண்ணும் இல்லியா?

குந்தவை: அண்ணி... அழாதீங்க. யாராச்சும் பாக்கப் போறாங்க.

வள்ளியம்மை: மொத நாளு என் ரசத்தைத் துப்பிட்டான்டி. “யாரு வச்சது இது?”ன்னான். எனக்கு உசிரே இல்ல. நான் இடிச்சு வச்ச ரசப்பொடி டப்பாவ எலி தூக்குச்சோ என்ன எழவோ, வீடெல்லாம் தேடிட்டேன். கடை பாக்கெட்டுப் பொடியில வச்சேன்... அப்பறம் ஒன் பிளாஸ்க்ல இருந்ததை என் தூக்குச்சட்டியில ஊத்தி, அக்கா கொண்டாந்தேன்டான்னு குடுத்தேன். குடிச்சான். தினம் அதைத்தான் குடுக்கறேன். போதுமா? அவன் தேடுனது ஒன் கைய. ஒரத்தநாட்டுக்கே கூட்டிட்டுப் போ!

குந்தவை: எலி தூக்கல அண்ணி. அவருக்கு வேட்டி எடுக்க ஒங்க வீட்டுக்கு வந்தேன்ல, அன்னைக்கு நான்தான் முந்தானையில மறைச்சு எடுத்துட்டு வந்து, அதுலதான் ரசம் வச்சேன். ஐ.சி.யூ.வுல நெனப்பில்லாம கெடந்தப்ப அவர் கையைப் பிடிச்சுட்டு இருந்தது நான்... கூப்பிட்டதெல்லாம் “அக்கா, அக்கா”ன்னு ஒங்களை. வண்டி திருவையாத்துக்கே போவட்டும். அந்தப் பொடி டப்பாவ மட்டும் திருப்பிக் கேக்காதீங்க.