இரண்டாவது கடல் விசிறி

எனக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்வதில்லை, இன்ஸ்பெக்டர். கரையில் அரை மணி நேரம் நின்றால் தும்மல் வந்துவிடும். கடல் விசிறிப் பவளங்களில் இருபத்தாறு வருட அனுபவமுள்ள நான், ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போய், அவற்றைப் பாட்டிலில்தான் பார்த்திருக்கிறேன். எந்தப் பாராட்டு விழாவிலும் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

கடலுக்குள் இறங்குகிறவர் ஆஸ்டின், தூத்துக்குடிக்காரர். அனுமதிக் கடிதத்தோடு முங்கி, துண்டு வெட்டி, ஆல்கஹாலில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்.

நிறத்தைப் பார்த்து இவற்றுக்கு இனம் சொல்ல முடியாது. ஒரு துணுக்கை ப்ளீச்சில் போட்டால் சதை கரைந்து நுண்ணிய சுண்ணாம்பு முட்கள் மிஞ்சும். அந்த முட்களின் வடிவம்தான் ஜாதகம். போன வருடம் ஒரு சிவப்பு விசிறியில் தகடு போன்ற முட்களும் பம்பரம் போன்ற முட்களும் சேர்ந்தே இருந்தன. நான் படித்த எந்த இனத்திலும் இல்லாத சேர்க்கை. புதிய இனம் என்று ஆய்விதழுக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் கல்லூரி வாசலில் என் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். படம் நான் கொடுத்ததுதான்.

ஆய்விதழ் இரண்டாவது மாதிரி கேட்டது.

இதற்கிடையில் என் ஆய்வு மாணவி ஹாஜிரா அதே விசிறியில் இன்னொரு துணுக்கைக் கரைத்துப் பார்த்தாள். தகடுகள் மட்டுமே வந்தன.

"சார், அன்னைக்கு ட்ராப்பரைக் கழுவாம விட்டிருக்கோம். முந்தின பாட்டில் முள்ளு இதுல கலந்துடுச்சு. ரெண்டுமே பழைய இனம்தான் சார்."

கழுவாமல் விட்டவன் நான். 'விட்டிருக்கோம்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டாள். மரியாதை தெரிந்த பெண். அவளுடைய தீசிஸில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதை மட்டும் ஞாபகப்படுத்தினேன்.

பிறகு ஆஸ்டினைப் போனில் அழைத்து, இன்னொரு விசிறி வேண்டும் என்றேன். முப்பது மீட்டர் ஆழத்தில் இல்லை என்றார். நாற்பதில் பார்க்கச் சொன்னேன். அங்கும் இல்லை.

"நிச்சயமா இருக்கா சார்? காதுல ரத்தம் வருது."

"இருக்கு ஆஸ்டின். அம்பதுல பாருங்க."

அன்று ஏகாதசி, பாவம் சேரும் என்று நான் அரிசிகூடத் தொடவில்லை.

மறுநாள் இறங்கினார். மேலே வரவில்லை.

ஆய்விதழுக்கு உள்ளதை எழுதினேன்: வாழிடம் மிக ஆழமானது, மாதிரி எடுக்கப் போனவர் உயிரிழந்தார். இரண்டாவது மாதிரியை அவர்கள் மறுபடி கேட்கவில்லை. ஒரே வாரத்தில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள், இரங்கலோடு. அந்தக் கடிதத்தைத் தாயார் சன்னதியில் வைத்து வாங்கிவந்தேன்.

புதிய இனத்துக்கு ஆஸ்டின் பெயரையே வைத்தேன். என் மாமனார் பெயரை வைப்பதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன், அதையும் விட்டுக்கொடுத்தேன்.

விழாவுக்கு அவர் மனைவி ரோசரியை வரவழைத்துச் சால்வை போட்டோம். "அவரு பேரு வச்சதைக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்றார். பாட்டிலைக் கையில் கொடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்க எங்கள் பிரின்சிபாலுக்கே வாய் வரவில்லை.

இல்லாத ஒன்றைத் தேட, தெரிந்தேதான் அனுப்பினீர்களா என்று கேட்கிறீர்கள். தெரிந்தேதான். ஹாஜிரா உங்களிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ரோசரியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். புருஷனைப் பறிகொடுத்தவரிடமிருந்து அந்தப் பாட்டிலையும் பிடுங்குகிற அளவுக்கு எனக்குக் கல்மனசு கிடையாது.